வீட்டு விவகாரம் அன்று

நுழையும்முன்

சுவருக்கு அப்பால் கேட்கும் அழுகுரல் யாருடையது என்பதைத் தெரு அறியும். ஆயினும், கதவைத் தட்டக் கை எழுவதில்லை. "அது அவர்கள் வீட்டு விவகாரம்" என்னும் ஒரு சொற்றொடர் அந்தக் கையைத் தடுத்துவிடுகிறது. அச்சொற்றொடரின் வரலாற்றையும், அதனைச் சட்டம் எவ்வாறு மாற்றியது என்பதையும், தாமிரபரணிக் கரையில் வாழும் ஒரு பெண் உதவி தேடிப் புறப்பட்டால் அவள் செல்லக்கூடிய வழிகளையும் இப்பாடம் விளக்குகிறது.

இறந்தபின் கேட்கப்பட்ட குரல்

பொதிகை மலையில் தோன்றும் தாமிரபரணி பாபநாசம், அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, திருநெல்வேலி எனச் சமவெளியில் இறங்கி ஓடுகிறது. இவ்வாற்றின் பாசனத்தில் விளைந்த வயல்களின் ஓரத்திலும் ஊர் எல்லையிலும் இசக்கியம்மன் கோயில்களைக் காணலாம். கையில் குழந்தையுடன் நிற்கும் அத்தெய்வத்திற்குக் கொடைவிழா எடுக்கும் நாளில் வில்லுப்பாட்டு நிகழும். இசக்கியின் கதை ஊருக்கு ஊர் வடிவம் மாறும். எனினும் கதையின் நடுப்பகுதி பெரும்பாலும் ஒன்றே. ஆண் ஒருவனை நம்பி உடன் செல்கிறாள் ஒரு பெண். அவள் அணிந்திருந்த நகைகளுக்காக, அவள் உறங்கும்போது அவன் அவளைக் கொன்றுவிடுகிறான்.

தென்மாவட்டங்களின் சிறுதெய்வ வழிபாட்டை ஆராய்ந்த நாட்டார் வழக்காற்றியலாளர்கள், இயற்கைக்கு மாறாக உயிரிழந்த பெண்கள் பலர் பின்னர் தெய்வமாக வணங்கப்பட்டமையை எடுத்துக்காட்டியுள்ளனர். அச்சமும் குற்றவுணர்வும் கலந்த வழிபாடு இது. இறந்தவளுக்குப் பொங்கலிட்ட ஊர், அவள் உயிரோடு இருந்தபோது என்ன செய்துகொண்டிருந்தது என்னும் வினாவை வில்லுப்பாட்டு வெளிப்படையாகக் கேட்பதில்லை. கேட்பவர் மனத்தில் அது எழாமலும் இருப்பதில்லை.

நல்லதங்காள் கதையும் இப்பகுதியில் தலைமுறைகளாகச் சொல்லப்பட்டு வருவது. பஞ்சகாலத்தில் பிள்ளைகளுடன் பிறந்த வீட்டுக்கு வருகிறாள் நல்லதங்காள். அண்ணன் வீட்டில் இல்லை. அண்ணியோ பசித்த பிள்ளைகளுக்குச் சோறு மறுக்கிறாள். அக்கதையில் யாரும் யாரையும் கம்பெடுத்து அடிக்கவில்லை என்பதை மாணவர் நினைவிற்கொள்ள வேண்டும். உணவை மறுத்ததே போதுமானதாக இருந்தது. இன்றைய சட்டத்தில் இதற்குத் தனிப்பெயர் உண்டு. அதனைப் பின்னர்க் காண்போம்.

எழுத்திலக்கியமும் இதனைக் கண்டுகொள்ளாமல் இல்லை. தாமிரபரணிப் பாசனப் பகுதியான பெருங்குளத்தில் 1872இல் பிறந்த அ. மாதவையா, 1903இல் 'முத்துமீனாட்சி' என்னும் நாவலை வெளியிட்டார். சிறுவயதில் மணமாகிப் புகுந்த வீட்டில் துன்புற்ற ஒரு பெண் தன் கதையைத் தானே சொல்வதாக அதனை அவர் அமைத்தார். அத்தகைய பெண்ணொருத்தி தன் வாயால் பேசுகிறாள் என்பதே அக்காலத்தில் பெரிய செய்தி.

வன்முறையின் முகங்கள்

குடும்ப வன்முறை என்றவுடன் வீங்கிய கன்னமும் உடைந்த வளையலுமே நினைவுக்கு வருகின்றன. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் அதனை விரிவாக வரையறுக்கிறது. உடல்வழி வன்முறை, பாலியல் வன்முறை, சொல்லாலும் மனத்தாலும் இழைக்கப்படும் வன்முறை, பொருளாதார வன்முறை என நான்கு வகைகளை அது கூறுகிறது. முதல் இரண்டைப் பற்றி நீண்ட விளக்கம் தேவையில்லை. மூன்றாவது, அன்றாடம் நிகழ்வதால் கண்ணுக்குத் தெரியாமல் போவது. நிறத்தைச் சொல்லி இழிவுபடுத்துதல், பெண் குழந்தை பெற்றதற்காக ஏசுதல், பிறந்த வீட்டாருடன் பேச விடாமல் தடுத்தல், "பிள்ளைகளைப் பிடுங்கிக்கொண்டு வெளியே தள்ளுவேன்" என மிரட்டுதல் ஆகியன அதில் அடங்கும்.

நான்காவதான பொருளாதார வன்முறைக்குத் தாமிரபரணிப் பகுதியில் எடுத்துக்காட்டைத் தேடி அலைய வேண்டியதில்லை. மேலப்பாளையம், முக்கூடல், ஆலங்குளம் முதலிய ஊர்களில் பல்லாயிரம் பெண்கள் வீட்டிலிருந்தே பீடி சுற்றுகின்றனர். ஆற்றங்கரைச் சிற்றூர் ஒன்றில் வாழும் அத்தகைய பெண் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியபின் சொளவை மடியில் வைத்து அமர்கிறாள். பீடிக்கடையில் பெற்ற இலையை நனைத்து, அளவாக வெட்டி, தூளிட்டுச் சுருட்டி, நூல் கட்டுகிறாள். முதுகும் கழுத்தும் வலிக்க மாலைவரை சுற்றிய பீடியைக் கட்டுகளாக அடுக்குகிறாள். கடையின் பாஸ் புத்தகம் அவள் பெயரில்தான் இருக்கிறது. ஆனால், கூலி நாளன்று அதனை எடுத்துச்செல்வது கணவன். வங்கிக் கணக்கு வழியே கூலி வந்தாலும், பணம் எடுக்கும் அட்டை அவன் சட்டைப்பையில் இருக்கிறது. மகளின் பள்ளிக் காலணிக்குப் பணம் கேட்டால், "உனக்கு எதற்குக் காசு?" என்னும் கேள்வி வருகிறது.

இவ்வீட்டில் அடி விழவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் சட்டத்தின் பார்வையில் இங்கு வன்முறை நிகழ்கிறது. பெண்ணின் ஊதியத்தைப் பறித்தல், வீட்டுச் செலவுக்குப் பணம் தர மறுத்தல், அவளது சீதனத்தையும் நகையையும் அவள் இசைவின்றி விற்றல் அல்லது அடகுவைத்தல், அவளுக்கு உரிமையுள்ள வீட்டைப் பயன்படுத்தவிடாமல் தடுத்தல் ஆகிய அனைத்தும் பொருளாதார வன்முறையே. நல்லதங்காளுக்கு மறுக்கப்பட்ட சோறும் இவ்வகையில் சேரும்.

ஏன் வெளியேறவில்லை?

"இவ்வளவு துன்பத்தில் ஏன் இருக்கிறாள்? கிளம்பி வந்துவிடலாமே" என்பது, கேட்பவருக்கு எளிதாகவும் கேட்கப்படுபவருக்குக் கொடியதாகவும் இருக்கும் வினா. அந்தப் பீடித் தொழிலாளி இரவோடிரவாக வெளியேறினால் மறுநாள் எங்குத் தங்குவாள்? பிள்ளைகளின் மாற்றுச் சான்றிதழை யார் வாங்கித் தருவார்? குடும்ப அட்டை கணவன் பெயரில் இருக்க, அரிசி எங்கிருந்து வரும்? பிறந்த வீட்டுக்குப் போனால் தங்கையின் திருமணப் பேச்சு நின்றுவிடும் என்று தாயே தயங்குவாள். "கல்லானாலும் கணவன்" என்று தொடங்கும் பழமொழியும் "அடிக்கிற கைதான் அணைக்கும்" என்னும் ஆறுதலும் உறவினர் வாயிலிருந்து வரும். இரண்டாவது பழமொழி தாய்க்கும் சேய்க்கும் வேண்டுமானால் பொருந்தலாம். வளர்ந்த இருவருக்கு இடையில் அடியையும் அணைப்பையும் ஒரே கையின் வேலையாக்குவது எவ்வகை நீதி என்று தெரியவில்லை.

அணைப்பு உண்மையாகவே வரும் என்பதுதான் சிக்கலை ஆழமாக்குகிறது. அடித்த மறுநாள் அவன் அழுகிறான். மல்லிகைப்பூ வாங்கி வருகிறான். பிள்ளைகளின் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்கிறான். சில வாரங்கள் வீடு அமைதியாக இருக்கிறது. பின்னர்க் குரல் உயர்கிறது, பாத்திரம் பறக்கிறது, மீண்டும் அடி விழுகிறது. இச்சுழற்சியில் அமைதியான வாரங்களே நம்பிக்கையை ஊட்டிப் பெண்ணைக் கட்டிவைக்கின்றன. மேலும், அவள் வெளியேற முடிவுசெய்யும் காலமே பெரும்பாலும் ஆபத்து மிகுந்த காலம். பிடி நழுவுகிறது என்று உணரும்போது வன்முறையாளனின் சினம் கூடுகிறது. எனவே தயங்கி நிற்பவளைக் கோழை என்பது அறியாமை. அவள் தன்னிடமுள்ள வழிகளைக் கணக்கிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

குடியே காரணம் என்பதும் அடிக்கடி கேட்கும் விளக்கம். குடி வன்முறையைக் கூட்டும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குடித்தவன் தெருமுனையில் நிற்கும் காவலரை அடிப்பதில்லை. தனக்கு வேலை தரும் முதலாளியிடம் கையை ஓங்குவதில்லை. வீடுவரை தள்ளாடி வந்தபின் யாரை அடித்தால் கேள்வி எழாதோ, அவளையே அடிக்கிறான். கேள்வி எழாது என்னும் உறுதியை அவனுக்கு அளிப்பது மது அன்று; தெரு.

2019–21ஆம் ஆண்டுகளில் நடத்தப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயதுக்குட்பட்ட, மணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கணவரின் வன்முறையை எப்போதேனும் எதிர்கொண்டவர்கள். இந்திய அளவில் இது நூற்றுக்கு 29. உடல்வழியாகவோ பாலியல்வழியாகவோ வன்முறைக்கு உள்ளான பெண்களில் உதவி நாடியவர்கள், நாடு முழுவதும் நூற்றுக்கு 14 பேர் மட்டுமே. ஏறத்தாழ 77 பேர் யாரிடமும் சொல்லவேயில்லை. கல்வியிலும் மருத்துவத்திலும் முன்னணியில் நிற்கும் மாநிலத்திற்கு முதல் எண் உறுத்தலானது. அதனினும் உறுத்துவது கடைசி எண்.

தண்டனையிலிருந்து பாதுகாப்புக்கு

மனைவியைக் கொடுமைப்படுத்துதல் தனிக் குற்றமாக இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது 1983ஆம் ஆண்டில்தான். 498அ எனப்பட்ட அப்பிரிவு, 2024 சூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 85ஆம் பிரிவாக இடம்பெற்றுள்ளது. மூன்றாண்டுவரை சிறைத்தண்டனை விதிக்க அது வழிசெய்கிறது.

தேவையான பிரிவுதான். ஆனால், கணவன் சிறைக்குச் சென்றால் அந்தப் பெண்ணின் அன்றைய இரவுக்கு அது விடையாகாது. அவளுக்கு வேண்டியவை அடி நிற்க வேண்டும், தலைக்கு மேல் கூரை இருக்க வேண்டும், பிள்ளைகள் தன்னிடம் இருக்க வேண்டும் என்பனவே. கணவனைச் சிறையில் அடைக்க விரும்பாத பெண்களே மிகுதி. பெண்கள் இயக்கங்கள் பல ஆண்டுகளாக இதனை வலியுறுத்தியதன் விளைவாக 2005இல் புதிய சட்டம் இயற்றப்பட்டது. 2006 அக்டோபர் 26 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அம்மாத இறுதியிலேயே, மனைவியை அடித்ததாகத் தமிழ்நாட்டில் ஒருவர் கைது செய்யப்பட்ட செய்தி நாளேடுகளில் இடம்பெற்றது. அதனால் இதனைக் கைது செய்யும் சட்டம் என்றே பலர் எண்ணினர். உண்மையில் இதன் நோக்கம் தண்டிப்பதற்கு முன் பாதுகாப்பதாகும்.

இச்சட்டத்தின்கீழ் குற்றவியல் நடுவர் பல்வகை ஆணைகளைப் பிறப்பிக்கலாம். வன்முறையில் ஈடுபடக்கூடாது, பணியிடத்திற்கோ பிள்ளைகளின் பள்ளிக்கோ சென்று தொல்லை தரக்கூடாது எனத் தடுப்பது பாதுகாப்பு ஆணை. வீட்டை விட்டுப் பெண்ணை வெளியேற்றக்கூடாது என்பது உறைவிட ஆணை. தேவையெனில் வன்முறையாளரையே வெளியேறச் சொல்லவும் இதில் இடமுண்டு. மருத்துவச் செலவு, வாழ்க்கைச் செலவு, இழப்பீடு ஆகியவற்றுக்கும், பிள்ளைகளைத் தற்காலிகமாகத் தாயிடம் ஒப்படைப்பதற்கும் ஆணையிடலாம். அவசரநிலையில், எதிர்த்தரப்பினர் வரும்வரை காத்திராமல் இடைக்கால ஆணை வழங்கலாம். பாதுகாப்பு ஆணையை மீறினால் மட்டுமே தண்டனை பேசுகிறது: ஓராண்டுவரை சிறை, அல்லது 20,000 ரூபாய்வரை தண்டம், அல்லது இரண்டும்.

தெரிந்து தெளிவோம்

இச்சட்டம் மனைவிக்கு மட்டும் உரியதன்று. ஒரே வீட்டில் வாழும் அல்லது வாழ்ந்த தாய், மகள், சகோதரி, விதவை ஆகியோரும், திருமணத்தை ஒத்த உறவில் வாழும் பெண்ணும் இதன் பாதுகாப்பைப் பெறலாம். மகனால் துன்புறும் தாய் இதன்கீழ் முறையிடலாம். வயதுவந்த ஆண் ஒருவர்மீதே முறையிட இயலும் என்றிருந்த வரம்பை 2016இல் உச்சநீதிமன்றம் நீக்கியது.

வீட்டைப் பற்றிய ஒரு செய்தியைச் சற்று நின்று காணவேண்டும். "இது என் அப்பா பெயரில் உள்ள வீடு, உனக்கு இங்கு என்ன உரிமை?" என்பது பல பெண்களின் வாயை அடைத்த வாதம். 2006இல் உச்சநீதிமன்றத் தீர்ப்பு ஒன்று இவ்வாதத்திற்குத் துணைநின்றது. மாமனார், மாமியார் பெயரிலுள்ள வீட்டில் மருமகள் உறைவிட உரிமை கோர முடியாது என்னும் நிலை பதினான்கு ஆண்டுகள் நீடித்தது. 2020 அக்டோபர் 15 அன்று மூன்று நீதிபதிகள் அடங்கிய அமர்வு அந்நிலையை மாற்றியது. கணவரின் உறவினர் பெயரில் வீடு இருந்தாலும், குடும்பமாக அங்கு வாழ்ந்திருந்தால் அதனைப் பகிர்ந்து வாழும் இல்லமாகக் கருதலாம் என அத்தீர்ப்பு கூறியது. உறைவிட உரிமை என்பது வீட்டின் உடைமையை அவளுக்கு மாற்றித் தருவதன்று. தெருவில் தள்ளப்படாமல் இருப்பதற்கான உரிமை அது.

மனுவைப் பெற்ற நாளிலிருந்து பொதுவாக மூன்று நாள்களுக்குள் முதல் விசாரணை நடைபெற வேண்டும், அதிலிருந்து அறுபது நாள்களுக்குள் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் வழக்குகள் அதனினும் நீள்வதுண்டு. இதனை மறைத்துச் சொல்வது, நம்பிக்கையோடு நீதிமன்றப் படியேறும் பெண்ணுக்குச் செய்யும் உதவியாகாது. இடைக்கால ஆணையை முதல் நாளிலேயே கேட்பது இதனால்தான் இன்றியமையாததாகிறது.

ஆற்றங்கரையில் உதவிக்கான வழி

மீண்டும் அந்தப் பீடித் தொழிலாளியிடம் வருவோம். ஒருநாள் பணத்தகராறு முற்றி, கையில் கிடைத்த கட்டையால் அவன் அடித்துவிடுகிறான். பிள்ளைகளுடன் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவின் திண்ணையில் அவள் அமர்ந்திருக்கிறாள். இரவு பதினொரு மணி. என்ன செய்யலாம்?

முதல் வழி தொலைபேசி. 181 என்பது பெண்களுக்கான கட்டணமில்லா உதவி எண். தமிழ்நாட்டில் 2018 டிசம்பர் முதல் இருபத்துநான்கு மணிநேரமும் இயங்குகிறது. உயிருக்கு ஆபத்து எனில் 112ஐ அழைத்தால் காவல்துறை வரும். அழைப்பவர் பாதிக்கப்பட்ட பெண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. வன்முறை நடந்தது, நடக்கிறது, நடக்கக்கூடும் என்று நம்புவதற்குக் காரணமுள்ள எவரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தெரிவிக்கலாம் என்று சட்டத்தின் நான்காம் பிரிவு கூறுகிறது. நல்லெண்ணத்துடன் தெரிவித்தவர்மீது வழக்குத் தொடர முடியாது. திண்ணையில் இடம்கொடுத்த பெரியம்மாவின் கையில் சட்டம் கொடுத்திருக்கும் அதிகாரம் இது. "அது அவர்கள் வீட்டு விவகாரம்" என்னும் தொடர் சட்டப்படி செல்லாமற்போனது இந்தப் பிரிவால்தான்.

காயத்திற்கு மருத்துவம் வேண்டும். அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கோ, ஹைகிரவுண்டு என மக்கள் அழைக்கும் பாளையங்கோட்டையிலுள்ள திருநெல்வேலி அரசு மருத்துவக்கல்லூரி மருத்துவமனைக்கோ செல்லலாம். அங்கே மருத்துவர் "எப்படி அடிபட்டது?" என்று கேட்பார். "படியில் வழுக்கி விழுந்தேன்" என்னும் விடையே பெரும்பாலும் வரும். அந்த ஒரு பொய், பின்னாளில் அவளுடைய வழக்கின் வலுவான சான்றை இல்லாமலாக்கிவிடும். உண்மையைச் சொன்னால் அது மருத்துவப் பதிவேட்டில் ஏறும். அதன் படியைக் கேட்டுப்பெற்றுப் பாதுகாப்பது நல்லது.

தங்க இடமில்லாதவர்க்கு ஒருங்கிணைந்த சேவை மையம் உண்டு. 'சகி' என்னும் பெயரிலும் வழங்கும் இம்மையங்கள், 2015இல் தொடங்கப்பட்ட ஒன்றிய அரசின் திட்டத்தின்கீழ் மாவட்டந்தோறும் செயல்படுகின்றன. மருத்துவ உதவி, காவல் உதவி, உளவியல் ஆலோசனை, சட்ட உதவி ஆகியவை ஓரிடத்தில் கிடைப்பதுடன், சில நாள்கள் பாதுகாப்பாகத் தங்கவும் இயலும். அதன்பிறகும் தங்கவேண்டிய நிலையிருந்தால் இல்லங்களுக்கு அனுப்பிவைப்பர். இம்மையத்திற்கு வழிகேட்டு அலைய வேண்டியதில்லை; 181இல் கேட்டாலே இணைத்துவிடுவர்.

பாதுகாப்பு அலுவலர் மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் இருப்பார். திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அலுவலகம் ஆற்றின் கரையிலேயே கொக்கிரகுளத்தில் அமைந்துள்ளது. அங்குக் கேட்டால் அவரை அணுகும் வழி தெரியும். பெண் கூறுவதைக் கேட்டு, குடும்ப வன்முறை நிகழ்வு அறிக்கையைத் தயாரித்து நடுவருக்கு அனுப்புவது அவரது கடமை. எழுதப் படிக்கத் தெரியாதது இதற்குத் தடையன்று. வழக்கறிஞருக்குக் கட்டணம் கட்டப் பணமில்லாததும் தடையன்று. 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்கள் அனைவரும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெறத் தகுதியுடையவர்கள். இது பலரும் அறியாத செய்தி. பாளையங்கோட்டை நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவையும், வட்ட அளவிலான குழுக்களையும் இதற்காக அணுகலாம். 15100 என்பது இதற்குரிய தொலைபேசி எண்.

எந்த ஊர் நீதிமன்றம் என்னும் ஐயமும் எழும். தாமிரபரணி இன்று ஒரு மாவட்டத்தின் ஆறு மட்டும் அன்று. 1986இல் தூத்துக்குடியும் 2019இல் தென்காசியும் தனி மாவட்டங்களாயின. அம்பாசமுத்திரத்தில் பிறந்தவள் ஸ்ரீவைகுண்டத்தில் மணமுடித்திருக்கலாம். அடிபட்டுத் தாய்வீடு திரும்பியவள், விசாரணை நாள்தோறும் கணவனின் ஊருக்குச் செல்ல வேண்டுமா? வேண்டியதில்லை. பெண் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் இடத்திற்குரிய நீதிமன்றத்திலும் மனு அளிக்கலாம் என்று சட்டம் இடமளிக்கிறது.

காவல் நிலையத்தைப் பற்றியும் ஒரு சொல். தமிழ்நாட்டில் 1992இல் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் தொடங்கப்பட்டது. இன்று பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம் உள்ளிட்ட ஊர்களில் அவை உள்ளன. பெண் காவலரிடம் பேசுவது பலருக்குத் தயக்கத்தைக் குறைக்கிறது. ஆனால், நிலையங்களில் பேசித் தீர்த்து, எழுதி வாங்கி அனுப்பிவிடும் வழக்கமும் உண்டு. சமரசம் தன்னளவில் தவறன்று. அச்சத்தில் இருப்பவளைக் கையொப்பமிடச் செய்வது சமரசம் ஆகாது. புகார் அளித்ததற்கான ஏற்பு ரசீதைக் கேட்டுப்பெறுவது பெண்ணின் உரிமை.

அடுத்த வீடும் வகுப்பறையும்

அலுவலகங்கள் அனைத்தும் நகரத்தில் இருக்க, பெண் இருப்பதோ சிற்றூரில். இடைப்பட்ட தொலைவைக் கடக்க உதவுபவர்கள் ஊருக்குள் இருப்பவர்களே. மாதந்தோறும் வரும் கிராமச் சுகாதாரச் செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர், மகளிர் சுயஉதவிக் குழுவின் தலைவி, பீடிக்கடையில் பக்கத்தில் அமரும் தோழி என யாரேனும் ஒருவரிடம் முதற்சொல் சொல்லப்படுகிறது. அந்த முதல் ஆள் எவ்வாறு கேட்கிறார் என்பதில் பின்விளைவுகள் பெரிதும் அடங்கியிருக்கின்றன. "நீ என்ன செய்தாய், அவன் சும்மாவா அடிப்பான்?" என்று கேட்டால் வாய் மூடிக்கொள்ளும், மீண்டும் திறக்க ஆண்டுகள் ஆகலாம். முதலில் நம்புதல், பின்னர் அவள் விருப்பத்தைக் கேட்டல், அவளறியாமல் கணவனிடம் சென்று நியாயம் பேசாதிருத்தல் ஆகியன போதும். அவ்வாறு பேசச் சென்றவர் வீடு திரும்பியபின் அடி இரட்டிப்பாவதை ஊர்கள் கண்டிருக்கின்றன.

உடனே வெளியேற விரும்பாதவளுக்கும் செய்யக்கூடியவை உள. ஆதார் அட்டை, குடும்ப அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்று, பாஸ் புத்தகம் ஆகியவற்றின் படிகளையும் சிறிது பணத்தையும் நம்பிக்கைக்குரிய வீட்டில் கொடுத்துவைக்கலாம். உதவி எண்களைக் கைப்பேசியில் பதியாமல் மனத்தில் பதிக்கலாம். ஏனெனில் கைப்பேசியைச் சோதிக்கும் கணவர்கள் பலர்.

பதினோராம் வகுப்பு மாணவர் ஒருவருக்கு இவையெல்லாம் பிறர் கதையாக இல்லாமலும் இருக்கலாம். இரவில் தாய்க்கும் தந்தைக்கும் நடுவில் நின்று தடுத்துவிட்டு, காலையில் வகுப்பில் தூங்கிவழியும் மாணவர்கள் உண்டு. வீட்டுப்பாடம் செய்யாததற்குக் காரணம் கேட்டால் அவர்கள் வாய்திறப்பதில்லை. அவர்கள் அறியவேண்டியது, நடப்பதற்கு அவர்கள் பொறுப்பல்லர் என்பதே. தடுக்கச் சென்று தாமும் காயப்படுவதைவிட, பாதுகாப்பான இடத்திலிருந்து உதவியை அழைப்பது நல்லது. பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் 1098 என்னும் சிறார் உதவி எண்ணை அழைக்கலாம். பள்ளி மாணவருக்கான 14417 எண்ணும் உண்டு. நம்பிக்கைக்குரிய ஆசிரியரிடம் சொல்லலாம். அடிப்பதைக் கண்டு வளர்ந்த மகன் அடிப்பவனாகவே ஆவான் என்பது விதியன்று. அவ்வாறு ஆகாத மகன்கள் எண்ணற்றோர். இச்சட்டம் பெண்களுக்கு உரியது. வீட்டில் வன்முறைக்கு உள்ளாகும் ஆண்களுக்குப் பொதுவான குற்றவியல் சட்டங்களின் பாதுகாப்பு உண்டு.

திண்ணையில் அமர்ந்திருந்த அந்தப் பெண் என்ன ஆனாள்? பெரியம்மாவின் கைப்பேசியிலிருந்து 181ஐ அழைத்ததாக வைத்துக்கொள்வோம். மருத்துவம் கிடைத்தது, நிகழ்வு அறிக்கை எழுதப்பட்டது, சட்ட உதவி வழக்கறிஞர் ஒருவர் அமர்த்தப்பட்டார். இடைக்கால ஆணையின்படி அவள் அதே வீட்டில் இருக்கிறாள். கணவன் தன் தாய் வீட்டில் இருக்கிறான். மாமியார் பேசுவதில்லை. தெருவில் சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்கின்றனர். பணம் எடுக்கும் அட்டை இப்போது அவளிடம் உள்ளது. மகளுக்குக் காலணி வாங்கியாயிற்று. வழக்கு முடியவில்லை. வரும் திங்கள்கிழமை சேரன்மகாதேவி நீதிமன்றத்தில் அடுத்த விசாரணை. அன்றைக்குச் சுற்றவேண்டிய பீடியை முந்தைய இரவே சுற்றிவைத்துவிட்டுக் காலைப் பேருந்தைப் பிடிப்பாள். பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்குப் பெரியம்மா சோறு போடுவார்.